வெட்டி ஒட்டிய பித்தளை

ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவில் வயலின்காரர்கள் முப்பது பேர் வரை இருப்பார்கள். டியூபா வாசிப்பவர் ஒருவர்தான். அவர் எழுந்து போகும்வரை அந்த நாற்காலி இன்னொருவருக்குக் கிடைக்காது. சிகாகோ சிம்பொனியில் ஆர்னால்ட் ஜேகப்ஸ் 1944இல் உட்கார்ந்தார், எழுந்தது 1988இல். பழைய டியூபா ஒன்றை விற்க நினைப்பவரின் நிலைமையை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். உயர்ந்த ரகக் கருவியை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் விற்பவருக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்: கூடப் படித்தவர், அவரிடம் பாடம் கேட்டவர், ஒரே தேர்வுக்கு வந்து அவரிடம் இடத்தைப் பறிகொடுத்தவர்.

எண்பது தொண்ணூறு வருடப் பழைய கருவி, அதுவும் பட்டறையில் வெட்டி, ஒட்டி, வால்வு மாற்றி, ஒருவர் தன் கைக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி திருத்திக்கொண்டது என்றால் வட்டம் இன்னும் சுருங்கும். முதலீட்டாளர் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கும் சேகரிப்பாளருக்கு அது ஆகாது. ஊதத் தெரிந்தவர்தான் வருவார், ஊதுவதற்காகவே வாங்குவார். இந்த வியாபாரத்தின் எல்லா விநோதங்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பழம்பொருள் சந்தைக்குப் பொதுவிதி ஒன்று உண்டு: கைபடாமல் இருந்தால் விலை கூடும். 1950களில் செய்த ஃபெண்டர் கிட்டாருக்கு யாராவது ஆசைப்பட்டுப் புது வர்ணம் அடித்துவிட்டால் விலை சரசரவென்று இறங்கிவிடும். வயலின் சங்கதி சற்றுச் சிக்கலானது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பிற்காலத்தில் கழுத்து மாற்றப்பட்டது. உள்ளே ஒட்டியிருக்கும் பாஸ் பார் என்ற மரச்சட்டமும் மாற்றப்பட்டது. பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று பிற்காலத்தார் செய்த வேலை அது. அதற்காக ஏலத்தில் யாரும் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. எல்லாவற்றிலும் கைவைத்தாகிவிட்டது, எனவே கைவைத்ததே அசலாகிவிட்டது.

டியூபாக்காரர்கள் இந்தச் சுற்றுவழிக்கெல்லாம் போவதில்லை. திருத்தம் நன்றாக இருந்தால் கருவிக்கு விலை கூடலாம் என்று நேராகவே ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் வாத்தியத்துக்கு அசல் வடிவம் என்று ஒன்று நிலைத்ததே இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

1835 செப்டம்பர் 12 அன்று பிரஷ்யாவில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் பெர்லின் கருவி வினைஞர் யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற பாஸ் டியூபா எஃப் சுருதியில் அமைந்தது. ஐந்து வால்வுகள் கொண்டது. அதுவரை ராணுவ இசைக்குழுக்களில் அடிநாதத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தவை பாம்பு போல வளைந்த செர்ப்பென்ட்டும் சாவிகள் பதித்த ஆஃபிக்ளைடும். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் தன் சாக்ஸ்ஹார்ன் குடும்பத்தைக் கொண்டுவந்தார். போஹிமியாவில் செர்வெனி இன்னும் பெரிய காண்ட்ராபாஸ் டியூபாவைச் செய்தார். ஆளுக்கொரு வழி. இன்றும் எஃப், ஈ-ஃபிளாட், சி, பி-ஃபிளாட் என்று நான்கு சுருதிகளில் டியூபா உண்டு. பிஸ்டன் வால்வு உண்டு, சுழலும் ரோட்டரி வால்வு உண்டு. வால்வுகள் மூன்றாக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். விரிந்த வாயான பெல் வானத்தைப் பார்க்கலாம், ரசிகரையும் பார்க்கலாம். பருமனைச் சொல்ல 3/4, 4/4, 5/4, 6/4 என்று ஒரு பின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பின்னங்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தார் 5/4 என்று அழைப்பது இன்னொரு நிறுவனத்தாரின் 6/4க்கு நிகராக நிற்பதுண்டு. விற்பவர் “6/4” என்று சொன்னால், பெரியது என்று அர்த்தம். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் நேரில் போய் மடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மடியில் வைத்துப் பார்ப்பதுதான் விஷயமே. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெயர்பெற்ற டியூபா விற்பனை, ஒருவரின் வயிற்றுக்கு அந்தக் கருவி ஒத்துவராததால் நடந்தது.

மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் யார்க் பேண்ட் வாத்தியக் கம்பெனி இயங்கிவந்தது. ஜேம்ஸ் வாரன் யார்க் 1882இல் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காக லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அங்கே சி சுருதியில் இரண்டு பெரிய டியூபாக்கள் செய்யச் சொன்னார். ஸ்டோகோவ்ஸ்கி இசைக்குழு நடத்த வருவதற்கு முன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆர்கனின் கீழ்க்குழாய்கள் தரையை அதிரவைப்பது போன்ற ஒலி குழுவின் அடியில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான்கு பிஸ்டன் வால்வுகள், கட்டைவிரலுக்கு ஒரு ரோட்டரி வால்வு, அகலமான பெல் என்று கருவி வந்து சேர்ந்தது. குழுவின் டியூபாக்காரர் ஃபிலிப் டொனடெல்லி. அவர் பருத்த உடம்புக்காரர். மவுத்பீஸிலிருந்து வால்வுக்குப் போகும் முதல் குழாயை லீட்பைப் என்பார்கள். இந்தக் கருவியில் அது அவருக்குப் போதுமான நீளமில்லை. மூச்சை நிறைய இழுத்தால் வயிறு உப்பி டியூபாவை முன்னால் தள்ளும்; ஊத வேண்டிய நேரத்தில் மவுத்பீஸ் உதட்டைவிட்டு நகர்ந்துவிடும். பிற்காலத்தில் ஜேகப்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த கதை இது.

ஜேகப்ஸ் அப்போது கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் டொனடெல்லியின் மாணவர். கலிஃபோர்னியாவில் வளர்ந்து, பதினைந்து வயதில் உதவித்தொகையோடு அங்கே வந்து சேர்ந்த பையன். ஆசிரியர் கருவியை அவரிடம் 175 டாலருக்குக் கொடுத்தார். வாரம் 5 டாலர் தவணை. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் கிடந்த வருடங்கள் அவை. 35 வாரம் ஒரு மாணவனால் கட்ட முடியும் என்று ஆசிரியர் நம்பியிருக்கிறார். அந்த டியூபாவோடுதான் ஜேகப்ஸ் இண்டியானாபோலிஸ் போனார், பிட்ஸ்பர்க் போனார், பிறகு சிகாகோ. இரட்டையர்களில் மற்றொன்றும் பின்னாளில் அவரிடமே வந்து சேர்ந்தது. கடைசியில் சிகாகோ சிம்பொனியே இரண்டையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1989இல் அந்த நாற்காலிக்கு வந்த ஜீன் பொகோர்னியும் யார்க்கைத்தான் மடியில் ஏந்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது விலை மலிவு அல்ல. டொனடெல்லி அந்த டியூபாவைக் கழித்துக்கட்டவில்லை. கருவியில் குறையில்லை, தனக்கு அது பொருந்தவில்லை, இந்தப் பையனுக்குப் பொருந்தும் என்ற மூன்று தீர்ப்புகளை ஒரே சமயத்தில் சொன்னார். பழைய டியூபாவை விற்பவர் எவரானாலும் இந்த மூன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். முன்பின் பார்த்திராத வாங்குபவரின் கை நீளம், முதுகின் பலம், நுரையீரலின் கொள்ளளவு, பல்வரிசை எல்லாம் விற்பவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு முன்னால், கருவிக்கு என்னென்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் கதை நீளும்.

அமெரிக்காவில் பள்ளி, ஊர், ராணுவ பேண்டுகள் வாசித்தது பெரும்பாலும் பி-ஃபிளாட் டியூபா. யார்க், கான், ஹோல்ட்டன், கிங் முதலிய கம்பெனிகள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவற்றை ஏராளமாகச் செய்து தள்ளின. 1942இல் போர்க்கால உற்பத்தி வாரியம் இசைக்கருவித் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. தாமிரமும் துத்தநாகமும் போருக்குப் போயின. கான் கம்பெனி விமானங்களுக்குத் திசைகாட்டி செய்தது. போருக்கு முந்தைய பித்தளைக்கும் அதை அடித்து வளைத்த கைகளுக்கும் இன்றும் தனி மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்க சிம்பொனிகளில் தொழில்முறைக் கலைஞர்கள் வாசிப்பது சி சுருதி டியூபா. அருமையான உடல் பி-ஃபிளாட்டில் கிடைக்கிறது, வேலை சி-யில் இருக்கிறது. விடை: வெட்டு.

பி-ஃபிளாட் டியூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். சி டியூபா 16 அடி. இரண்டு அடியை எடுத்துவிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் இந்தக் குழாய் ஒரே பருமனானதல்ல. வால்வைத் தாண்டியதும் விரிய ஆரம்பித்து, பெல்லில் போய் இருபது அங்குல அகலத்தில் முடியும் கூம்பு. எந்த இடத்திலிருந்து இரண்டு அடியை எடுப்பது? மெல்லிய பகுதியில் எடுத்தால் அங்கே விரிவு சட்டென்று குதிக்கும். பருத்த வளைவுகளில் எடுத்தால் எதற்காக அந்தக் கருவியை வாங்கினார்களோ அந்த முழக்கமே குறையலாம். கொஞ்சம் இங்கே கொஞ்சம் அங்கே என்று எடுத்து, வெட்டிய வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி இழைத்து, பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வால்வின் துணைக்குழாயையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில் ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் ஒரு கொள்கை உண்டு. மேற்சுரம் இறங்குகிறது, கீழ்ச்சுரம் ஏறுகிறது என்று பத்து வருடம் கழித்துப் புகார் வரும்போது அந்தக் கொள்கையின் பலாபலன் தெரியும்.

வால்வுகளின் கணக்கும் சங்கடமானதுதான். ஒன்றாவது வால்வு திறந்த குழாயோடு ஏறக்குறைய 12 சதவீத நீளத்தைக் கூட்டி இரண்டு அரைச்சுரம் இறக்குகிறது. மூன்றாவது 19 சதவீதம் கூட்டி மூன்று அரைச்சுரம். இரண்டையும் ஒருசேர அழுத்தினால் ஐந்து அரைச்சுரம் இறங்க வேண்டும். அதற்கு 33 சதவீதத்துக்கும் சற்று மேலே நீளம் தேவை. கிடைப்பதோ 31. பதினாறு அடிக் குழாயில் நாலு அங்குலத்துக்கு மேல் பற்றாக்குறை; சுரம் மேலே ஏறிவிடும். இதை ஈடுகட்டத்தான் நான்காவது வால்வு. அடிமட்ட சுரங்களுக்காக நான்கையும் சேர்த்து அழுத்தினால் பற்றாக்குறை அரைச்சுரத்தையும் தாண்டும், அதற்கு ஐந்தாவது. அப்படியும் தீராதபோது, வாசித்துக்கொண்டே இடது கையால் ஒன்றாவது வால்வின் ஸ்லைடை (துணைக்குழாயின் நகரும் பகுதியை) இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பார்கள். அந்த ஸ்லைடு கைக்கெட்டும் உயரத்தில், எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்படித்தான் திருத்தங்கள் பெருகுகின்றன: ஸ்லைடுக்கு ஒரு கம்பி, கட்டைவிரல் வளையத்துக்குப் புது இடம், லீட்பைப்புக்குப் புதுக் கோணம், பழைய வால்வுக்குப் பதிலாக ஜெர்மானிய வால்வுத் தொகுதி. பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து உண்டாக்கியதை அவர்களே ஃபிராங்கன்டியூபா என்று கேலியாக அழைப்பார்கள். கேலியில் பெருமையும் கலந்திருக்கும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் ஒரு உடம்பு இருக்கிறது. லீட்பைப் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் அதை வைத்திருந்தவர் குட்டையானவர். நான்காவது வால்வின் ஸ்லைடில் கைபட்டு வெள்ளிப் பூச்சு தேய்ந்திருந்தால் அவர் அந்த சுரத்தை ஒருநாளும் நம்பியதில்லை. பெல் விளிம்பில் சொட்டை எடுத்த தடம் அடுக்கடுக்காக இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் போன கருவி. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்தான் வாங்க வருகிறார்.

நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. டியூபா பேரம் அதற்கு நேரெதிர். குறையை முந்திக்கொண்டு சொல்பவர்தான் நல்ல விற்பனையாளர். காரணம் தர்மம் மட்டுமல்ல. வாங்குபவர் முதல் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். வால்வை அழுத்தாமல் ஸ்லைடை இழுத்து, பிறகு வால்வை அழுத்துவார். ‘டப்’ என்று ஒலித்தால் காற்று கசியவில்லை. ஓசையில்லாமல் போனால் பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையில் தேய்மானம். அதைச் சரிசெய்ய பிஸ்டனுக்கு நிக்கல் முலாம் ஏற்றி, மறுபடி இழைத்துப் பொருத்த வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவல்ல. பிறகு லீட்பைப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மேலே படியும் பச்சைக் களிம்பு பெரிய கவலையில்லை, துடைத்தால் போய்விடும். செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தென்பட்டால்தான் கவலை. எச்சிலின் ஈரத்தில் துத்தநாகம் கரைந்து வெளியேறி வெறும் செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. உலோகம் உள்ளிருந்து உளுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகே தன் மவுத்பீஸை எடுப்பார். தனியாக வாசித்துப் பார்த்து முடிவுசெய்ய மாட்டார். நண்பர் ஒருவரை அரங்கத்தின் கடைசியில் உட்காரவைப்பார். டியூபாவின் ஒலி வாசிப்பவர் காதில் ஒன்றாகவும் அறுபது அடிக்கப்பால் வேறாகவும் இருக்கும். மடியில் முழங்குவது கூடத்தில் மங்கிப்போவதுண்டு. பக்கத்தில் உப்புச்சப்பில்லாமல் தோன்றுவது தூரத்தில் கம்பீரமாக எழுவதும் உண்டு. யார்க் வகைக் கருவிகளைப் பற்றி அவற்றின் பக்தர்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஒருவரையொருவர் அறிந்த சின்ன உலகம் என்பதால் அவர்கள் கூடும் இடங்களும் உண்டு. 1973இல் டியூபாக் கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸ் முதலியோர் முன்னின்று டியூபாக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே சகோதரத்துவம் என்ற சொல் இருந்தது. மறுவருடம் டிசம்பர் 22 அன்று, தன் ஆசிரியர் வில்லியம் பெல் நினைவாக, நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் வளாகத்தில் முந்நூறு பேருக்கு மேல் திரட்டி ஃபிலிப்ஸ் கிறிஸ்துமஸ் பாடல்களை வாசிக்கவைத்தார். பெல் 1902ஆம் வருடக் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். அந்தக் கூட்டம் இன்று பல ஊர்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. டியூபா மாநாடுகளில் விற்பனைக் கருவிகள் எல்லாவற்றையும் அடுக்கிவைக்கும் கூடத்துக்கு யானை அறை என்று பட்டப்பெயர். இருபது முப்பது பேர் அங்கே ஒரே சமயத்தில் வெவ்வேறு சுருதியில் ஊதுவார்கள். கருவியின் நுட்பம் எதுவும் அங்கே காதில் விழாது. ஆனால் யார் எதை இரண்டாவது முறை வந்து கையில் எடுக்கிறார் என்பது தெரியும். விற்பவர் பார்ப்பது அதைத்தான்.

விலை எப்படி அமைகிறது? திருத்தியவர் செலவிட்டதைக் கூட்டிச் சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள். பழைய உடல், புது வால்வுத் தொகுதி, பட்டறையில் மாதக்கணக்கான கூலி, வெள்ளி முலாம் என்று சேர்ந்த தொகை பெரும்பாலும் திரும்பிவராது. தன் உடம்புக்காகச் செய்த செலவை அடுத்த உடம்பு ஏன் தர வேண்டும்? எல்லாருக்கும் பயன்படும் திருத்தத்துக்கு, அதாவது இறுக்கமான வால்வு, சுருதி சுத்தம், கைக்கெட்டும் ஸ்லைடு ஆகியவற்றுக்கு, விலை கிடைக்கும். கட்டைவிரல் வளையத்தை அரை அங்குலம் நகர்த்தியதற்குக் கிடைக்காது. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை அனுப்பும் செலவும், விமானத்தில் வந்தால் நசுங்கும் என்ற பயமும் விலையைக் கடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு இந்த வட்டத்தில் சாதாரணம். திருப்பி அனுப்பினால் மனத்தாங்கல் கிடையாது. பொருந்தவில்லை என்ற ஒரு சொல்லே போதுமான காரணம்.

இந்தச் சந்தையை அண்மைக்காலத்தில் கலைத்துப்போட்டதும் அதே யார்க்தான். சுவிட்சர்லாந்தின் சுமிஸ்வால்ட் ஊரைச் சேர்ந்த ஹிர்ஸ்ப்ருன்னர் நிறுவனத்தார் ஜேகப்ஸின் கருவியை அளந்து அதைப்போலச் செய்தார்கள். யமாஹாவும் செய்தது. பிறகு சீனத் தொழிற்சாலைகளும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. அவை யமாஹாவைவிடப் பலமடங்கு மலிவு. கிராண்ட் ராப்பிட்ஸ் தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதன் இரண்டு டியூபாக்களின் சாயலில் உலகமெங்கும் கருவிகள் பெருகிவிட்டன. ஒரு காலத்தில் யார்க்கின் ஒலி வேண்டுமென்றால் பழைய பி-ஃபிளாட்டைத் தேடிப்பிடித்து வெட்டுவதைத் தவிர வழியில்லை. இன்றோ அந்த வெட்டுக்கூலிக்கு அருகிலேயே புதுக் கருவி கிடைக்கிறது, உத்தரவாதச் சீட்டோடு.

வெட்டிய பழைய கருவியை விற்க நினைப்பவருக்கு இது சோதனைக்காலம். “சிகாகோ யார்க் மாதிரியே ஒலிக்கும்” என்று சொல்லிப் பயனில்லை. அப்படி ஒலிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் புதுக் கருவிகளே ஏராளம். இருந்தும் வாங்க ஆள் வருகிறார்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. எந்த வருடத்து உடல், யார் வெட்டியது, எந்தெந்த இடத்தில் வெட்டியது, ஐந்தாவது வால்வின் நீளம் என்ன, குளிர்காலத்தில் எந்த சுரம் கீழே போகிறது, எந்தெந்த சுரத்துக்கு வழக்கமில்லாத விரலமைப்பு வேண்டும், கழற்றிய பழைய லீட்பைப் இருக்கிறதா. இருந்தால் அதையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்வார்கள். புது ஆளின் உயரத்துக்கு ஏற்ப அடுத்த பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கும்போது, பழைய பித்தளையில் ஒரு அடி கிடைத்தாலும் அவருக்கு உதவும்.